ஹிஸ்டமின் எலிசா கிட்: பெப்டைடு ஹார்மோன் சோதனைக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

பெப்டைடு ஹார்மோன் ஒன்று, ஹிஸ்டமின் நிறைந்த துகள்களைச் சுமக்கும் ஒவ்வாமைச் செல்லான மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறதா என்று பார்க்கப் புறப்பட்டால், எந்த வழியில் போனாலும் ஹிஸ்டமின் அளவீட்டில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்கு இன்று பரவலாக வாங்கப்படுவது, ஹிஸ்டமினை அசைலேற்றம் செய்து, எதிர்ப்பொருளையும் நிறமாற்றத்தையும் கொண்டு அளக்கும் போட்டிமுறை எலிசா கிட். பெட்டியின் மேல் பெயர் மாறினாலும் உள்ளே வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இது ஒரு குறிப்பிட்ட தயாரிப்பைப் பற்றியதாக இல்லாமல் அந்த வகைக் கிட் முழுவதற்குமான விமர்சனம். அதுவும் ஒரே ஒரு பயன்பாட்டுக்கு: சப்ஸ்டன்ஸ் பி, விஐபி (வேசோஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடு), சோமாடோஸ்டாடின், கார்டிஸ்டாடின் போன்ற பெப்டைடுகளை மாஸ்ட் செல் மீது ஊற்றி, வெளிவரும் ஹிஸ்டமினை எண்ணுவதற்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட் நல்ல கிட்; வாங்கலாம். ஆனால் அதற்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று: பிளேட்டின் இந்தக் கிணற்றில் (சிறு குழியில்) உள்ள திரவத்தில் ஹிஸ்டமின் எவ்வளவு? அது செல் பரப்பில் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி வழியாக வந்ததா, செல் கிழிந்து கொட்டியதா, ஊடகத்தோடு வந்த போலியா என்பதைக் கிட் சொல்லாது. கன்ட்ரோல்கள், அதாவது ஒப்பிடுவதற்கென்றே வைக்கும் கிணறுகள்தான் சொல்ல வேண்டும். கையேட்டில் அவற்றைப் பற்றிய பேச்சே கிடையாது. கையேடு இரத்த பிளாஸ்மாவையும் சிறுநீரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. செல் வேலை செய்பவர்களுக்கு அதில் கிடைப்பது ஓரிரு வரிகள்.

ஹிஸ்டமின் மிகச் சிறிய மூலக்கூறு, எடை 111. அவ்வளவு சிறியதை எதிர்ப்பொருள் உறுதியாகப் பற்றிக்கொள்வது கடினம். அதனால் முதலில் அதன் அமீன் முனையில் ஓர் அசைல் குழுவை ஒட்டுகிறார்கள். ஒட்டிய ஹிஸ்டமினும், பிளேட்டின் அடியில் ஏற்கெனவே பதித்து வைத்த ஹிஸ்டமினும் குறைந்த அளவு எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும். மாதிரியில் ஹிஸ்டமின் அதிகமென்றால் பிளேட்டில் ஒட்டும் எதிர்ப்பொருள் குறையும், நிறமும் குறையும். புதியவர்கள் முதல் நாளில் தடுமாறுவது இங்கேதான். வெளிறிய கிணறுதான் வெற்றி பெற்ற கிணறு.

வழக்கமான நடைமுறை இது. அசைலேற்றத் தட்டில் 25 மைக்ரோலிட்டர் மாதிரி, அதோடு பஃபரும் வினைப்பொருளும், அறை வெப்பத்தில் குலுக்கியபடி 45 நிமிடம். பிறகு அதிலிருந்து சிறிதளவைப் பதித்த பிளேட்டுக்கு மாற்றி, எதிர்ப்பொருளைச் சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் வைப்பது. மறுநாள் கழுவல், பெராக்ஸிடேஸ் இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள், மறுபடி கழுவல், நிறம் தரும் டிஎம்பி, வினையை நிறுத்தும் அமிலம், 450 நானோமீட்டரில் அளவீடு. ஸ்டாண்டர்ட்கள் (ஹிஸ்டமின் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 50 நானோகிராம் வரை. கைக்கு எளிதான வேலை. ஒரு முறை செய்தவருக்கு மறுமுறை தயக்கம் இருக்காது. நிமிடங்களும் அளவுகளும் கிட்டுக்குக் கிட் மாறும் என்பதால், கையிலுள்ள கையேட்டின் எண்ணையே பின்பற்ற வேண்டும்.

தவறு நடக்கும் இடம் அசைலேற்றம். அந்த வினைப்பொருள் ஹிஸ்டமினை மட்டும் தேடிப் போவதில்லை. அமீன் குழு எங்கே கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். மாதிரி டிரிஸ் பஃபரில் இருந்தால் டிரிஸ் அதைத் தின்றுவிடும். கிளைசின் இருந்தாலும் அதே கதை. செல் வளர்க்கும் ஊடகத்திலேயே சோதனை செய்தால் அமினோ அமிலங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். அவற்றில் ஹிஸ்டிடின் தனித் தொல்லை, ஏனென்றால் அது ஹிஸ்டமினின் தாய் மூலக்கூறு. ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் ஹிஸ்டிடின் இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 15,000 நானோகிராம். எதிர்ப்பொருள் அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தவறாக அடையாளம் கண்டாலும், செல்லே இல்லாத கிணற்றில் 1.5 நானோகிராம் ஹிஸ்டமின் இருப்பதாகக் காட்டும். 'தன்னிச்சை வெளியீடு அதிகமாக இருக்கிறது' என்று சொல்லப்படும் புகார்களில் எத்தனை இந்த வகை என்று முதலில் சோதித்துவிட வேண்டும்.

ஆகவே செல்களை இரு முறை கழுவி ஹெப்பீஸ்-டைரோட் பஃபருக்கு மாற்றாமல் இந்தக் கிட்டைத் தொடவே கூடாது. சோடியம் குளோரைடு 137, பொட்டாசியம் குளோரைடு 2.7, கால்சியம் குளோரைடு 1.8, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 5.6, ஹெப்பீஸ் 20, எல்லாம் மில்லிமோலாரில். அதோடு 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்), பிஹெச் 7.4. சோடியத்தைக் குறைத்துச் சுக்ரோஸால் ஈடுகட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். துகளுக்குள் ஹிஸ்டமின் ஹெப்பாரினோடு மின் ஈர்ப்பால் ஒட்டி, பிஹெச் 5.5 அளவிலான சூழலில் அடைந்து கிடக்கிறது. துகள் வெளியே திறந்ததும், வெளியிலுள்ள சோடியம் அயனி அந்த இடத்தைப் பிடித்து ஹிஸ்டமினை விடுவிக்கிறது. சோடியம் குறைந்தால் துகள் திறந்திருந்தும் ஹிஸ்டமின் அதிலேயே ஒட்டிக்கொண்டு அடிப்படிவோடு போய்விடும். கிட் குறைவாகக் காட்டும். பழி பெப்டைடின் மேல் விழும்.

இனி, கிட்டை வாங்கும் முன் கேட்க வேண்டிய பெரிய கேள்வி: எந்த மாஸ்ட் செல்? எங்களைப் பொறுத்தவரை வீணான கிட்களில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவால் வீணானவைதான். பலரிடமும் இருப்பது ஆர்பிஎல்-2ஹெச்3 எலி செல். ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஇ சார்ந்த வேலைக்கு அது அருமையான செல். பெப்டைடு வேலைக்கு, அப்படியே பயன்படுத்தினால், உதவாது.

காரணத்தை ஏற்பியில் தேட வேண்டும். சப்ஸ்டன்ஸ் பி 1931-இல் ஃபான் ஆய்லரும் கேடமும் கண்டறிந்த பொருள். பதினொரு அமினோ அமிலங்கள். அதற்கென்றே பெயர்பெற்ற ஏற்பி என்கே1. ஆனால் மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினை உடனடியாக வெளியே தள்ளும் வேலையை முக்கியமாகச் செய்வது என்கே1 அல்ல, எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற வேறோர் ஏற்பி. நேர்மின் சுமை கொண்ட, ஒரு பக்கம் எண்ணெய்ப் பசையான பெப்டைடுகள் பலவற்றுக்கும் அது இடம் கொடுக்கும். சப்ஸ்டன்ஸ் பி, சோமாடோஸ்டாடின், கார்டிஸ்டாடின், விஐபி, அட்ரினோமெடுலினின் முன்னோடிப் புரதத்திலிருந்து கிடைக்கும் பாம்ப் பெப்டைடுகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். சுண்டெலியில் இதற்கு நிகரானது எம்ஆர்ஜிபிஆர்பி2 என்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசியாகப் போடும் இகாடிபான்ட், லியூப்ரோலைடு, ஆக்ட்ரியோடைடு போன்ற பெப்டைடு மருந்துகளும் இதே வாசல் வழியாக மாஸ்ட் செல்லைத் தூண்டுகின்றன என்பதும் அதே ஆய்வில்தான். ஊசி போட்ட இடம் சிவந்து தடிப்பதற்கு இது நேரடியான விளக்கம். ஏற்பி திறந்ததும் ஜி புரதங்கள், ஃபாஸ்ஃபோலிபேஸ் சி, ஐபி3, செல்லுக்குள் கால்சியம் ஏற்றம், துகள் வெளியேற்றம் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆர்பிஎல்-2ஹெச்3 செல்லில் இந்த ஏற்பி இயல்பாக வேலை செய்யும் அளவுக்கு இல்லை. ஜீனைப் புகுத்திய வகை வேண்டும். சுண்டெலி எலும்பு மஜ்ஜையிலிருந்து ஐஎல்-3 கொடுத்து வளர்க்கும் மாஸ்ட் செல்லும் இந்த விஷயத்தில் மந்தம். எலியின் வயிற்றறையிலிருந்து கழுவி எடுக்கும் மாஸ்ட் செல் நன்றாக வினைபுரியும். மனிதச் செல் வேண்டுமென்றால் லாட்2 என்ற செல்வரிசை, அல்லது தோலிலிருந்து பிரித்தெடுத்தவை. லாட்2 இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் இரட்டிக்கும், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஸ்டெம் செல் காரணி கேட்கும், பொறுமை வேண்டும். நுரையீரல், குடல் சளிச்சவ்வின் மாஸ்ட் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஏற்பி இல்லை, அதனால் அங்கே பூஜ்யம் வந்தால் அது உண்மையான பூஜ்யம். இரைப்பை ஹார்மோனான காஸ்ட்ரினை எடுத்துக்கொண்டு மாஸ்ட் செல்லில் ஹிஸ்டமின் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரைப்பையில் காஸ்ட்ரின் வெளியேற்றும் ஹிஸ்டமின் வருவது இரைப்பைச் சுவரிலுள்ள இசிஎல் செல்களிலிருந்து. செல்லே வேறு.

பெப்டைடு குப்பியிலும் கவனம் தேவை. சப்ஸ்டன்ஸ் பி-யின் மூலக்கூறு எடை 1347.6. 1 மில்லிகிராம் எடுத்து 742 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் குப்பியில் இருப்பது பெரும்பாலும் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பு. முன் முனை, ஆர்ஜினின், லைசின் என மூன்று நேர்மின் இடங்களுக்கு மூன்று டிஎஃப்ஏ, ஒவ்வொன்றும் 114. ஆக எடையில் ஐந்தில் ஒரு பங்கு பெப்டைடே கிடையாது. 592 மைக்ரோலிட்டரில் கரைத்தால்தான் 1 மில்லிமோலார், அதுவும் ஈரப்பதத்தைச் சேர்க்காமல். தரச்சான்றில் நிகர பெப்டைடு சதவீதம் கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கரைசலை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்க வேண்டும். ஒரு பங்கு, ஒரு நாள். கடைசியில் உள்ள மெத்தியோனின் காற்றுபட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடையும். நேர்மின் பெப்டைடுகள் கண்ணாடியிலும் சாதாரணப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்வதால், ஒட்டாத வகைக் குழாயில், பிஎஸ்ஏ உள்ள பஃபரில்தான் நீர்த்தல் தயாரிக்க வேண்டும். சோமாடோஸ்டாடின் குழாயில் டிடிடீ படவே கூடாது. அதன் டைசல்ஃபைடு வளையம் அறுந்துவிடும்.

இப்போது செல் பக்கம். கிணற்றுக்கு 10,000 மனித மாஸ்ட் செல், 225 மைக்ரோலிட்டர் பஃபரில், 37 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றி, பத்து மடங்குச் செறிவில் தயாரித்த பெப்டைடையும் அதே சூட்டில் 25 மைக்ரோலிட்டர் சேர்க்கவும். பிப்பெட்டைச் சுவரில் சாய்த்து மெதுவாக. பீய்ச்சி அடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே மாஸ்ட் செல் துகளைக் கொட்டும். 10 நிமிடம் போதும். ஐஜிஇ சோதனையின் அரை மணி நேரத்தை இங்கே கொண்டு வர வேண்டாம். பிளேட்டைப் பனிக்கட்டியில் வைத்து, 4 டிகிரியில் 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, 250-இல் மேலேயுள்ள 150 மைக்ரோலிட்டரை மட்டும் எடுக்கவும்.

ஏன் 150 மட்டும் என்று எண்ணிப் பார்த்தால் புரியும். மனித மாஸ்ட் செல் ஒன்றில் சுமார் 3 பிகோகிராம் ஹிஸ்டமின் என்று வைத்தால், 10,000 செல்லில் 30 நானோகிராம். 250 மைக்ரோலிட்டரில் அது மில்லிலிட்டருக்கு 120 நானோகிராம். அடியிலிருந்து நூற்றில் ஒரு செல் மேல்தெளிவோடு வந்து, மாதிரி உறைபெட்டிக்குப் போனால், உறைவில் அந்தச் செல் உடைந்து, எடுத்த 150 மைக்ரோலிட்டரில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் பொய்யைச் சேர்க்கும். இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 20 சதவீத வெளியீடு 24 நானோகிராம், ஸ்டாண்டர்ட் கர்வின் நடுவே அழகாக உட்காரும். ஆனால் மொத்த ஹிஸ்டமினுக்காக உடைத்த கிணறு 120, கர்வுக்கு மேலே போய்விடும். அதைக் குறைந்தது பத்து மடங்கு நீர்க்க வேண்டும், அதே பஃபரில். 0.1 சதவீத டிரைட்டான் கொண்டு உடைத்திருந்தால், நீர்த்த பிறகு எஞ்சும் டிரைட்டானை ஸ்டாண்டர்டிலும் சேர்த்து ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு பிளேட் எவ்வளவு தாங்கும்? ஆறு ஸ்டாண்டர்டும் இரண்டு தரக்கட்டுப்பாட்டுக் குப்பியும் இரட்டையாக 16 கிணறு. மீதி 80, அதாவது 40 மாதிரி. ஒரு பெப்டைடுக்கு 0.1, 0.3, 1, 3, 10 மைக்ரோமோலார் என ஐந்து அளவு, மூன்று மூன்றாக 15. எதுவும் சேர்க்காத தன்னிச்சை 3, செல்லை உடைத்த மொத்தம் 3, இதே ஏற்பியைத் தூண்டும் 48/80 சேர்மம் 3, ஏற்பி இல்லாமலே கால்சியத்தை உள்ளே விடும் கால்சியம் அயனோஃபோர் 3. செல் இல்லாமல் அதிகபட்சப் பெப்டைடு மட்டும் 1. அதோடு 5 நானோகிராம் ஹிஸ்டமின் கலந்து மீட்டெடுப்புப் பார்க்க இரண்டு; 80 முதல் 120 சதவீதம் திரும்ப வர வேண்டும். முப்பது மாதிரி ஆகிவிட்டது. ஆகவே ஒரு கிட் என்பது ஒரு பெப்டைடு, ஒரு செல் வகை. இரண்டு பெப்டைடை ஒரே பிளேட்டில் திணிக்க முயல்பவர்கள் முதலில் வெட்டுவது கன்ட்ரோலைத்தான்.

அந்தக் கன்ட்ரோல்களில் வேலை பிரிந்திருக்கிறது. அயனோஃபோரும் வெளியேற்றவில்லை என்றால் செல்லே செத்தது அல்லது காலி. அயனோஃபோர் வேலை செய்து 48/80 வேலை செய்யவில்லை என்றால் ஏற்பி இல்லாத செல். 48/80 வேலை செய்து பெப்டைடு மட்டும் வேலை செய்யவில்லை என்றால்தான் பெப்டைடைப் பற்றிப் பேசலாம். வெளியீடு 10 மைக்ரோமோலாருக்கு மேல் திடீரென்று செங்குத்தாக ஏறினால் சந்தேகப்பட வேண்டும். நேர்மின் பெப்டைடு அளவு கூடினால் சவ்வையே கிழிக்கும். அதே மேல்தெளிவில், செல் கிழிந்தால் கசியும் நொதியான எல்டிஹெச்சை அளந்தால் தெரிந்துவிடும். எல்டிஹெச்சும் சேர்ந்து ஏறினால் அது வெளியீடே கிடையாது. சப்ஸ்டன்ஸ் பி-க்கு இன்னும் நுட்பமான கன்ட்ரோல் ஒன்று உண்டு: முதல் மூன்று அமினோ அமிலங்களை வெட்டிய 4–11 துண்டு. ஆர்ஜினினும் லைசினும் போய்விட்டதால் மாஸ்ட் செல்லைத் தூண்டும் திறனை அது இழந்துவிடும், ஆனால் என்கே1 ஏற்பியை இன்னும் தூண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எந்த வாசல் என்பது கிணற்றின் நிறத்திலேயே தெரியும். வெளிக் கால்சியத்தை நீக்கிப் பார்ப்பது இங்கே நல்ல கன்ட்ரோல் கிடையாது. எலி வயிற்றறைச் செல் உள்ளிருப்புக் கால்சியத்தை வைத்தே சப்ஸ்டன்ஸ் பி-க்குப் பதில் சொல்லிவிடும்.

கிட்டின் குறைகளைச் சொல்லியாக வேண்டும். பிளேட்டைப் பட்டை பட்டையாகப் பிரிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அசைலேற்ற வினைப்பொருளைக் கரைத்துவிட்டால் அன்றே முடிக்க வேண்டும். பெட்டியில் அது எத்தனை குப்பியாக வருகிறதோ அத்தனை நாளுக்குத்தான் பட்டைகள் பயன்படும். வாங்கும் முன் குப்பியை எண்ணுங்கள். அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் கட்டியாக இருக்கும். கெட்டுப்போனதென்று தூக்கி எறிய வேண்டாம், அறை வெப்பத்தில் இளகும். குளிரூட்டியை முழுவேகத்தில் வைத்த அறையில் பிப்பெட் முனையிலேயே இறுகும், முதல் கிணறுக்கும் கடைசிக் கிணறுக்கும் அளவு மாறும். பூஜ்ய ஸ்டாண்டர்டின் நிற அளவு 1-க்குக் கீழே வந்தால் கழுவலையும் டிஎம்பி நேரத்தையும் பாருங்கள். அந்தப் பிளேட்டின் முடிவை எழுதி வைக்கத் தகுதியில்லை.

மாற்று வழிகள் இரண்டு. தினசரி பல பெப்டைடுகளைச் சலித்தெடுப்பதற்கு பீட்டா-ஹெக்ஸோசமினிடேஸ் சோதனை போதும். அதே துகளிலிருந்து வரும் நொதி, ஒன்றரை மணி நேரத்தில் 405 நானோமீட்டரில் மஞ்சளாகப் பதில் கிடைக்கும், செலவும் மிகக் குறைவு. பத்துப் பெப்டைடை அதில் சலித்து, தேறிய இரண்டை எலிசாவுக்குக் கொண்டு வருவதுதான் நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை. மற்றொன்று 1959-இலிருந்து இருக்கும் ஓபிடி (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) ஒளிர்வு முறை. மலிவு, விரைவு. ஆனால் பெப்டைடு ஹார்மோன் வேலையில் அதற்கு ஒரு பொறி இருக்கிறது. ஹிஸ்டிடினில் தொடங்கும் பெப்டைடுகளோடும் ஓபிடி சேர்ந்து ஒளிரும். விஐபி, செக்ரெடின், குளூக்கோகான் மூன்றும் ஹிஸ்டிடினில்தான் தொடங்குகின்றன. செல்லே இல்லாத கிணற்றில் பெப்டைடு அளவுக்கு ஏற்றபடி அழகான ஏறுவரிசை வரும், பார்ப்பவர் அதை ஹிஸ்டமின் என்று நம்பிவிடுவார். இந்த மூன்றையும் சோதிப்பவருக்கு எலிசா கிட்டின் விலை நியாயமான விலைதான்.

நோயாளியின் இரத்தத்தில் மாஸ்ட் செல் தூண்டலைப் பார்க்க இதே கிட்டை வாங்க நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்மாவில் ஹிஸ்டமின் ஓரிரு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி குத்தும் நேரத்துக்குள் கதை முடிந்திருக்கும். அங்கே ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொடும் டிரிப்டேஸ் என்ற மாஸ்ட் செல் நொதிதான் அளக்க வேண்டிய பொருள். நோயாளியின் அடிப்படை அளவை (மில்லிலிட்டருக்கு நானோகிராமில்) 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணையாவது அது எட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.